பெருங்கடைகளில் உயர்தர ஒலிக்கருவிகள்: வேலூரில் இவ்விற்பனை நிலைக்குமா?

காந்திநகர்வாசி, காட்பாடி:

அனைவருக்கும் வணக்கம். குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் விற்கும் பெரிய கடை ஒன்று, வேலூரில் தன் முதல் மாடியில், தொலைக்காட்சிகளுக்கும் சவுண்ட்பார்களுக்கும் நடுவே, ஜோடி இரண்டரை லட்சம் ரூபாய் விலையுள்ள தரையில் நிற்கும் ஸ்பீக்கர்களையும் அவற்றுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரையும் வைத்திருக்கிறது. இத்தகைய கருவிகளை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுமானால்கூட நாம் இதுவரை காட்பாடி சந்திப்பில் ரயிலேறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருந்தது. ஆகவே இவற்றை நம் ஊரிலேயே பார்த்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது.

ஆனால் கேட்கத் தொடங்கியதும் குழப்பமே மிஞ்சியது. சுற்றிலும் தொலைக்காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினார். எனினும் ஸ்பீக்கர் எத்தனை வாட் என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. நானும் என் மனைவியும் கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் கேட்பவர்கள். ஓய்வுக்குப் பிறகு இதற்கென்றே ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். இப்படிப்பட்ட பொதுக்கடையில் இவ்வளவு விலையுள்ள கருவியை வாங்கலாமா, வாங்குவதானால் கடையிடம் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாலாற்றுக்கரை:

ஐயா, வணக்கம். தொலைக்காட்சியையும் அழகிய ஸ்பீக்கரையும் ஒரே தளத்தில் விற்கலாம். ஆனால் ஒரே முறையில் விற்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. தொலைக்காட்சியின் படத்தை வெளிச்சமான தளத்தில் நின்றபடி ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். ஒலியை மதிப்பிட அமைதி வேண்டும், உட்கார இடம் வேண்டும், நேரம் வேண்டும். இம்மூன்றையும் தராத கடை உங்களுக்கு விற்பது கருவியின் பெட்டியையும் பெயரையும்தான்.

முதலில் இரைச்சலைப் பார்ப்போம். பின்னணி இரைச்சல் 60 டெசிபல் உள்ள ஒரு தளத்தில், 50 டெசிபல் அளவில் ஒலிக்கும் தம்புராவின் ரீங்காரம் அப்படியே அமுங்கிப் போகும். இரண்டரை லட்சம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் முப்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி, இப்படி அமுங்கிப் போகும் மெல்லிய ஒலிகளில்தான் இருக்கிறது. இரைச்சலை வெல்வதற்காக விற்பனையாளர் ஒலியைக் கூட்டுகிறார். அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியளவு குறையும்போது நம் காது தாழ்ந்த சுருதிகளை மற்றவற்றைக் காட்டிலும் மிகக் குறைவாகவே உணர்கிறது என்பதை நிறுவியது. ஆகவே எந்தக் கருவியையும் உரக்க ஒலிக்கவிட்டால் அது கூடுதல் நிறைவோடு ஒலிப்பதாகவே தோன்றும். வீட்டில் இரவு எட்டரை மணிக்கு மேல் நீங்கள் கேட்கப்போகும் அளவில் அந்த நிறைவு இருக்குமா என்பதைக் கடையில் அறிய வழியே இல்லாமல் போகிறது.

ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த ஸ்பீக்கருக்கு மாறும் பலகைகளைப் பல கடைகளில் வைத்திருக்கிறார்கள். 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரும், அதே நிலையில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரும் அப்பலகையில் அடுத்தடுத்து இருந்தால், ஒலியளவைத் திருத்தாமல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டாவதே வெல்லும். அந்த வெற்றி தரத்தால் வந்ததன்று, நான்கு டெசிபல் கூடுதல் உரப்பால் வந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐவர் டீஃபன்பிரன் தொடங்கிய லின் என்ற ஒலிக்கருவி நிறுவனம், 1970களில் தன் டீலர்களிடம் ஒரு விதியை வற்புறுத்தியது. கேட்கும் அறையில் ஒலித்துக்கொண்டிருக்கும் ஜோடியைத் தவிர வேறு ஸ்பீக்கரே இருக்கக் கூடாது என்பதே அது. ஒலிக்காத ஸ்பீக்கரின் கூம்பும் அறையிலுள்ள காற்றின் அசைவுக்குத் தானும் அசைந்து ஒலியைக் கெடுக்கும் என்று அவர்கள் கருதினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவ்விதி கடைக்காரரை ஒரு தனி அறை கட்டவும், ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் கவனமாக நிறுத்தவும், வாடிக்கையாளரை உட்கார வைக்கவும் கட்டாயப்படுத்தியது. எனக்கு அதன் பெரும்பயனாகத் தெரிவது அதுதான். நீங்கள் சொல்லும் கடையில் கதவுள்ள ஓர் அறை இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள், ஐயா.

ராணிப்பேட்டை விற்பனையாளர்:

நான் இதே தொழிலில், ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் விற்பனைத் தளத்தில் பல காலமாக வேலை செய்கிறேன். மேலே ஐயா எழுதியவை அனைத்தும் சரியானவை என்பதை ஏற்கிறேன். ஆயினும் கடையின் பக்கத்தில் உள்ள கணக்கையும் நண்பர்கள் அறிய வேண்டும்.

தொலைக்காட்சியில் ஒரு பெட்டிக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. மாத இலக்கை எட்டினால் கம்பெனி தரும் ஊக்கத் தொகையை நம்பித்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. உயர்தர ஸ்பீக்கரில் ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் மார்ஜின் அதைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மையே. ஆனால் அந்த ஜோடி எப்போது விற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. நான்கு லட்சம் ரூபாய் முதல் ஓர் ஆண்டு தளத்தில் முடங்கினால், அதே முதலைக் கொண்டு ஏசியும் தொலைக்காட்சியும் பலமுறை வாங்கி விற்றிருக்கலாமே என்றுதான் முதலாளி கணக்கிடுவார். தளத்தின் ஒவ்வொரு சதுர அடியும் வாடகைக்கு விடை சொல்ல வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் கதவு போட்ட அறை என்றால் 180 சதுர அடி. கோடையில் அவ்விடத்தில் ஏசிகளை அடுக்கினால் ஒரே வாரத்தில் காலியாகிவிடும். வேலூரின் சித்திரை வெயிலை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆட்கள். தளத்தில் நிற்கும் பிள்ளைகள் ஒருநாள் மிக்சி விற்பார்கள், மறுநாள் செல்போன் பகுதிக்கு மாற்றப்படுவார்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் ஒரு வாடிக்கையாளரோடு ஒரு மணி நேரம் உட்கார அவர்களுக்கு அனுமதியே இருக்காது. ஓராண்டில் தொழிலைக் கற்றுக்கொண்டவர், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவார். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பதை அந்தப் பிள்ளைக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதில் அவர் மீது குறை சொல்ல எதுவுமில்லை.

அப்படியிருந்தும் பொதுக்கடைக்கு ஒரு பலம் உண்டு. நான்கு மாவட்ட மக்கள் படியேறும் இடம் அது. தவணை வசதி உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கும் வண்டி உண்டு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு முறையான ரசீது உண்டு, நாளைக்கும் அதே இடத்தில் கடை இருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. ரசீதில்லாமல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கப்படும் பெட்டிக்கு இங்குள்ள இறக்குமதியாளர் உத்தரவாதம் தருவதில்லை என்பதை எத்தனையோ பேர் பழுது வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

ஆம்பூர் தோல் வணிகர்:

விற்பனையாளர் தம்பி ஆட்களைப் பற்றிச் சொன்னது மிக முக்கியமானது. வணிகத்துக்காக நான் அடிக்கடி வெளிநாடு செல்பவன். எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள ஒலிக்கருவிக் கடைகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பெருங்கடையில் உயர்தர ஒலியை விற்கும் முயற்சி அமெரிக்காவில் முழு அளவில் நடந்து முடிந்த ஒன்று. அதன் வரலாறு நமக்குப் பயன்படும்.

பெஸ்ட் பை என்ற மின்னணுப் பொருள் பெருங்கடை நிறுவனம், சியாட்டில் நகரில் நற்பெயர் பெற்றிருந்த மக்னோலியா ஹைஃபை என்ற சில கிளைகளே கொண்ட கடையை 2000-ஆம் ஆண்டின் இறுதியில் விலைக்கு வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அப்பெயரிலேயே தன் பெருங்கடைகளுக்குள் தனித் தடுப்பு எழுப்பிய பகுதிகளை நாடெங்கும் அமைத்தது. சலவை இயந்திரங்களைக் கடந்து உள்ளே போனால் மங்கிய வெளிச்சம், தரை விரிப்பு, சோபா, பயிற்சி பெற்ற ஆள் என்று வேறொரு கடையாகவே அது இருக்கும். சிறப்புக் கடைகளில் மட்டுமே விற்போம் என்றிருந்த தயாரிப்பாளர்கள் பலர், அந்தத் தடுப்புக்குள் என்றால் சரி என்று தம் கருவிகளைத் தந்தார்கள். பொதுத் தளத்தில் வைக்கச் சம்மதிக்காத அவர்களே அறைக்குள் வைக்கச் சம்மதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே காலத்தில் அதன் போட்டியாளரான சர்க்யூட் சிட்டி எதிர்த்திசையில் சென்றது. 2007 மார்ச் மாதத்தில், சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, ஏறத்தாழ 3,400 கடை ஊழியர்களை ஒரே நாளில் வெளியேற்றிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் புதியவர்களை அமர்த்த முடிவு செய்தது. வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொருளைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள். 2008 நவம்பரில் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2009-இல் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. பொருளாதார நெருக்கடியும் அதற்குக் காரணம்தான். நடுத்தர, உயர்தர ஒலிக்கருவிகளையே நம்பியிருந்த ட்வீட்டர் என்ற நிறுவனமும் 2007-இல் திவாலாகி, அடுத்த ஆண்டின் இறுதியில் முற்றிலும் மறைந்தது. எனினும் பேசத் தெரிந்தவர்களை வெளியேற்றிய கடைக்கு வாடிக்கையாளர் ஏன் திரும்பிச் செல்ல வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

இங்கிலாந்தின் ரிச்சர் சவுண்ட்ஸ் இதற்கு நேர்மாறு. ஜூலியன் ரிச்சர் 1978-இல் லண்டன் பாலத்தின் அருகே மிகச் சிறிய கடையாகத் தொடங்கினார். ஒரு சதுர அடிக்கு நடக்கும் விற்பனையில் உலகிலேயே முதலிடம் என்று அச்சிறு கடை கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. 2019-இல் அவர் தம் பங்குகளில் 60 சதவீதத்தை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கே போனால் பல ஆண்டுகளாக அதே கடையில் இருக்கும் ஆட்களைப் பார்க்கலாம். சதுர அடி வாடகை கட்டுப்படியாகாது என்று தம்பி சொல்கிறார். குறைந்த சதுர அடியில் அதிக விற்பனை செய்ய முடியும் என்று காட்டியதும் ஓர் ஒலிக்கருவிக் கடைதான்.

குடியாத்தம் மைக்செட்:

ஆம்பூர் பாய் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் சுற்று வட்டாரக் கல்யாணங்களுக்கும் மைக்செட் கட்டும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் வைத்துக் கேட்கும் உயர்தரக் கருவிகளையும் பழுது பார்க்கிறேன். இந்த விவாதத்தில் இதுவரை ஒருவரும் விற்பனைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

எங்கள் தொழிலில் டெல்லி அகூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் இவ்வளவு ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், எந்தச் சிற்றூரிலும் அதற்குப் பாகம் கிடைக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார் என்பதே. கல்கத்தாவின் சோனோடைன் போன்ற நம் நாட்டு நிறுவனங்களின் பழைய ஸ்பீக்கர்களையும் உள்ளூரில் ரீகோன் செய்து, அதாவது கூம்பை மாற்றி, மீட்டுவிடுகிறோம். இரண்டரை லட்சம் ரூபாய் வெளிநாட்டு ஸ்பீக்கரில் ட்வீட்டர் என்ற, மேல் சுருதிகளை ஒலிக்கும் சிறு பாகம் கருகினால் அதே மாதிரி ட்வீட்டர் எத்தனை வாரத்தில் வரும், எங்கிருந்து வரும், அதுவரை என்ன செய்வது என்பதை விற்கும்போதே எழுத்தில் தரும் கடை வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்பதையும் கேளுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஃபோம் வளையம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் அதைவிட நெடுநாள் தாங்கும்.

மின்சாரம் மற்றொன்று. பெயரளவில் 230 வோல்ட். பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் அது நன்றாகவே இறங்கிவிடும். பல வீடுகளில் எர்த் சரியாக இருப்பதில்லை. விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரில் இரைகிறது என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்குமேல் வீட்டு எர்த் கோளாறுதான். இதைச் சோதித்துச் சொல்ல ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பும் கடையே உண்மையான கடை.

வாட் எண்ணிக்கையைப் பற்றிக் காட்பாடி ஐயா எழுதியிருந்தார். பிஎம்பிஓ, அதாவது ஒரு நொடிப்பொழுதின் உச்ச சக்தி, என்று ஆயிரக்கணக்கில் வாட் எண்ணை அச்சிட்ட பெட்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். இப்படிப்பட்ட எண்களைத் தடுக்கத்தான் அமெரிக்க வணிக ஆணையம் 1974-இலேயே, ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும் என்று விதி வகுத்தது. 1978-இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே என்று குறிப்பிட்டது. அதைவிடப் பெரிய எண் போட்ட பல ஆம்ப்ளிஃபயர்கள் திணறிய ஸ்பீக்கர்களை அது இயல்பாக இயக்கியது. ஒலி இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமென்றால் சக்தி ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். ஆகவே 50 வாட்டுக்கும் 70 வாட்டுக்கும் இடையில் காதுக்குக் கிடைக்கும் வேறுபாடு மிகச் சிறியது. தளத்தில் நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லிக் கொடுத்தாலும் வாடிக்கையாளருக்குப் பெரும் உபகாரம்.

ஆரணி வீணை ஆசிரியை:

வணக்கம். நான் வீணை கற்பிக்கிறேன். வகுப்பில் மாணவிகளுக்குப் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டுவதற்காக நல்ல ஒலிக்கருவி வாங்கினேன். அதற்காகப் போன ஒவ்வொரு கடையிலும் உடன் வந்த என் கணவரிடமே பேசினார்கள். பணம் தருபவரும் கேட்கப்போகிறவரும் நான் என்று சொன்ன பிறகும் விளக்கம் அவரை நோக்கியே சென்றது. உயர்தர ஒலியைப் பொதுக்கடையில் விற்பதால் வரக்கூடிய மிகப் பெரிய நன்மை, பெண்கள் இயல்பாக வந்துபோகும் இடத்தில் அது கிடைக்கும் என்பதுதான். அந்த நன்மையைக் கடைகள் தாமாகவே இழக்கின்றன.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. எந்தக் கடையிலும் ஒலிக்கவிடப்படுவது கம்பெனி கொடுத்தனுப்பிய மேல்நாட்டுப் பாடலாகவே இருக்கிறது. அதை நான் நேரில் கேட்டதே இல்லை. அது சரியாக ஒலிக்கிறதா என்பதை எதனோடு ஒப்பிடுவேன்? வீணையில் நகம் தந்தியைத் தொடும் நொடியின் ஓசை, கமகத்தில் சுருதி வளையும்போது ஒலியின் தடிமன் மாறாமலிருப்பது, தாளத் தந்திகள் மூன்றும் தனித்துக் கேட்பது ஆகியவற்றை நான் தினமும் கையால் அறிந்திருக்கிறேன். தவிலின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள வேறுபாட்டை நம் பகுதியில் கோயில் வாசலில் நின்றவர் எவரும் சொல்லிவிடுவார். இரவு முழுவதும் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு முகவீணையின் கூர்மை எந்த அளவைத் தாண்டினால் ஸ்பீக்கரின் குற்றம் என்பது தெரியும். எங்கள் ஆரணியில் பட்டுப்புடவையைக் கடை விளக்கில் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை; வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்த பிறகே பணம் கொடுப்பார்கள். கடைக்காரரும் அதைத் தடுப்பதில்லை. ஒலிக்கும் அந்த உரிமையை நாம் கேட்டுப் பெற வேண்டும். காட்பாடி ஐயா அவர்களே, நீங்களும் அம்மாவும் நன்கு அறிந்த பதிவுகளை எடுத்துச் செல்லுங்கள். அம்மாவையும் நடுவில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வி.ஐ.டி. மாணவன்:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். கடையே எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஸ்பீக்கர்களின் அளவீடுகள் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. ஹர்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபடி மதிப்பெண் கொடுத்தவர்களே திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறுவிதமாகக் கொடுத்தார்கள். அளவும் பெயரும் காதை மாற்றுகின்றன என்றால், அழகான அறையும் சோபாவும் மாற்றாதா? இணையத்தில் அளவீட்டைப் பார்த்து, குறைந்த விலையில் வாங்கி, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். போஸ் நிறுவனமே 2020-இல் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலிருந்த தன் 119 கடைகளை மூடுவதாக அறிவித்தது. வாங்குவோர் இணையத்துக்கு நகர்ந்துவிட்டதையே காரணமாகச் சொன்னது. விடுதியில் என் நண்பர்கள் அனைவரும் காதுக்குள் செருகும் கருவிகளை அப்படித்தான் வாங்குகிறார்கள்.

பாலாற்றுக்கரை:

தம்பி, அந்த ஆய்வை நீங்கள் எடுத்துக்காட்டியது நல்லது. அளவீடுகளை நான் மிகவும் மதிக்கிறேன். காதுக்குள் செருகும் கருவிக்கு உங்கள் வழி முற்றிலும் பொருந்தும், ஏனெனில் அங்கே அறை என்ற ஒன்றே இல்லை. போஸ் மூடிய கடைகளிலும் பெரும்பாலும் விற்றவை ஹெட்ஃபோன்களும் சிறு ஸ்பீக்கர்களும்தான்.

ஆனால் வீட்டு ஸ்பீக்கரில் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு வருவதைப் பெருமளவு முடிவு செய்வது அறை. டூல் அவர்களே தம் எழுத்துகளில் இதை வற்புறுத்துகிறார். நம் பகுதியில் வழக்கமான பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் கூரையும் பத்தடி உயரம். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்றால், பன்னிரண்டு அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸிலும் அறை தானே முழங்கும். உயரமும் பத்தடியாக இருப்பதால் அதே 56 ஹெர்ட்ஸில் இரண்டு முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கீழே வழவழப்பான டைல்ஸ், நான்கு பக்கமும் செங்கல் சுவர். எதுவும் அதை உறிஞ்சாது. கோரைப்பாயும் ஜமக்காளமும் மேல் சுருதிகளைச் சற்று அடக்கும். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கு மேல் என்பதால் அவை அதைத் தொடுவதே இல்லை. மரப் பலகையும் மெல்லிய சுவரும் கொண்ட மேலைநாட்டு வீடுகள் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் வீடுகள் அதை உள்ளேயே வைத்திருக்கும். ஆகவே அங்குள்ளவர் ஒரு ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி போதவில்லை என்று எழுதியிருந்தால், அதுவே நம் அறைக்குச் சரியானதாக இருக்கலாம்.

இதனால்தான் பெரிய ஸ்பீக்கரை விற்கும் கடை, வாங்குபவரின் அறையின் நீள அகல உயரத்தைக் கேட்காமல் விலையைப் பேசத் தொடங்கக் கூடாது என்கிறேன். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்புவதும் உங்கள் காதுக் கருவியைத் திருப்பி அனுப்புவதும் ஒன்றல்ல, தம்பி. கடையில் நாற்பது நிமிடம் அமைதியாகக் கேட்டு, இரண்டாகக் குறைத்து, அவ்விரண்டையும் வீட்டில் வைத்துக் கேட்ட பிறகு முடிவு செய்வதே நேர்மையான வழி. நீங்கள் சொன்ன திரையையும் வீட்டிலேயே அமைக்கலாம்: மெல்லிய வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டி, வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். ஒலியளவை ஒப்பிடச் செல்போன் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சரியாகவே காட்டும்.

ராணிப்பேட்டை விற்பனையாளர்:

வீட்டுக்கு அனுப்பிக் கேட்க வைப்பது என்ற இடத்தில்தான் கடை நடுங்கும். பெட்டி பிரிக்கப்பட்ட ஸ்பீக்கரைப் புதியது என்று அடுத்தவருக்கு விற்க முடியாது, விற்கவும் கூடாது. மூலையில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஜோடியின் லாபம் முழுவதும் போய்விடும்.

ஆயினும் இந்த இழையைப் படித்த பிறகு, நடக்கக்கூடிய ஓர் ஏற்பாடு எனக்குத் தெரிகிறது. தளத்தில் ஒலிக்கும் டெமோ ஜோடியையே வார நாட்களில், முழு விலைக்குக் காசோலை பெற்றுக்கொண்டு, கடை வண்டியிலேயே வீட்டுக்கு அனுப்பலாம். சனி, ஞாயிறுக்குள் அது தளத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஓராண்டு முடிந்ததும் அந்த டெமோ ஜோடியை, டெமோ என்று ரசீதிலேயே எழுதிக் குறைந்த விலைக்கு விற்கலாம். அதற்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அறைக்கு 180 சதுர அடி இல்லாவிட்டால், கடையின் பின்பக்கம் சரக்கு வைக்கும் பகுதியில் ஒன்றைத் தடுத்து, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் காலையில் திறக்கலாம். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை எந்தக் கடையிலும் கூட்டம் இருப்பதில்லை. ஆளைப் பொறுத்தவரை, மாத இலக்கிலிருந்து விடுவித்து, இப்பகுதியின் லாபத்தில் பங்கு கொடுத்தால் ஒருவர் நிலைத்து இருப்பார் என்று நம்புகிறேன். எங்கள் முதலாளியிடம் இதை எழுத்தாகவே கொடுக்கப் போகிறேன். குடியாத்தம் அண்ணன் போன்ற ஒருவரை சர்வீஸுக்கு ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வதையும் அதில் சேர்க்கிறேன்.

காந்திநகர்வாசி, காட்பாடி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆரணி ஆசிரியை சொன்னபடி என் மனைவியையும் அழைத்துக்கொண்டு கடையின் மேலாளரைச் சந்தித்தேன். தனி அறை இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வரும் செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும், மாடியிலுள்ள தொலைக்காட்சிகளையும் மற்ற ஸ்பீக்கர்களையும் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். காசோலை கொடுத்தால் டெமோ ஜோடியை வியாழன் வரை வீட்டில் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். உதிரி பாகங்கள் எங்கிருந்து வரும் என்பதை இறக்குமதியாளரிடம் எழுதிக் கேட்டுச் சொல்வதாகவும் கூறினார். எங்கள் கூடம் பதினாறுக்குப் பதினொன்று அடி, உயரம் பத்தரை அடி; சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. ஸ்பீக்கர் வருவதற்குமுன் நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பாலாற்றுக்கரை:

உங்கள் கூடத்தின் நீளம் மற்ற இரண்டு அளவுகளிலிருந்தும் நன்றாக வேறுபடுவது நல்லது, ஐயா. அகலமும் உயரமும் நெருக்கமாக இருப்பதால் அவ்விரண்டின் முழக்கங்கள் மட்டும் அருகருகே விழும். சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடியாவது முன்னே இழுத்துவிடுங்கள்; சுவரை ஒட்டிய இடத்தில்தான் தாழ்ந்த ஒலி மிகுதியாகக் குவியும். ஸ்பீக்கர்களையும் முதலில் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். ஒலி மெலிவாகத் தோன்றினால் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தலாம்.

குடியாத்தம் மைக்செட்:

திங்கட்கிழமை காட்பாடிப் பக்கம் வேலை இருக்கிறது, ஐயா. விருப்பமானால் வந்து எர்த்தைச் சோதித்துத் தருகிறேன். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று முனை பிளக் பொருந்தும் தனிப் புள்ளி ஒன்றை ஒதுக்கி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அதே இணைப்பில் செருக வேண்டாம்.

காந்திநகர்வாசி, காட்பாடி:

அவசியம் வாருங்கள், தம்பி. கூடத்தின் கிழக்குச் சுவரில் தனிப் புள்ளி ஒன்று இருக்கிறது; அதையே இதற்கு வைத்துக்கொள்கிறோம். வியாழன் இரவு நாங்கள் இருவரும் கேட்டதைத் தனித்தனியாக எழுதி இங்கே பதிவிடுகிறோம்.